ஐந்து கட்டை இரைச்சல்

"ங்ங்ங்..." என்று கிளம்பிய சத்தத்தில் அலமாரியில் இருந்த எவர்சில்வர் டம்ளர்கள் கிடுகிடுத்தன.

சனிக்கிழமை மத்தியானம். செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் அந்தச் சந்தில் மழை அப்போதுதான் விட்டிருந்தது. தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடிக்கப்போகிறது என்றே குர்ஷித் பேகம் முடிவு கட்டிவிட்டாள். களைந்துகொண்டிருந்த அரிசியை அப்படியே போட்டுவிட்டு, ஈரக் கையோடு பக்கத்து வீட்டு வாசலுக்கு ஓடிவந்தாள்.

"கிரீஷ் தம்பி, மெயினை அணைப்பா மொதல்ல. யாரையாவது கரண்டு புடிச்சிக்கப் போவுது."

கிரீஷ் மெயினை அணைக்கவில்லை. கூடத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் அரக்கு நிறத்தில் ஒரு எலெக்ட்ரிக் கிடார், எதிரே கறுப்பாக ஆம்ப்ளிபயர் பெட்டி. ஒயரைச் சொருகினான், சுவிட்சைப் போட்டான். அவன் செய்த குற்றம் அவ்வளவுதான். கம்பியில் இன்னும் விரல்கூடப் படவில்லை. அதற்குள் பெட்டி அலறுகிறது.

குர்ஷித்துக்குப் பின்னாலேயே அவள் புருஷன் நசீருதீனும் வந்து நின்றார். கையில் பெயின்ட் அடிக்கிற கன், கழுத்தில் இறக்கிவிட்ட முகமூடி. வீட்டை ஒட்டிய ஷெட்டில் மோட்டார் சைக்கிள் டேங்குகளுக்குப் பெயின்ட் அடிப்பது அவர் தொழில். கிடாருக்கும் அரக்கு பூசியவர் அவர்தான்.

"இன்னா தம்பி, பேசும்னு பாத்தா இருமுது?"

கிரீஷின் கண் சமையலறைப் பக்கம் போயிற்று.

அங்கே அவன் மனைவி ஹைமவதி கையில் கரண்டியோடு நின்றிருந்தாள். முகத்தைச் சுளிக்கவில்லை, காதைப் பொத்தவில்லை. தெருவில் யாரோ தெரிந்தவர் குரல் கேட்டால் தலையைச் சாய்த்துக் கேட்போமே, அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு கட்டை," என்றாள். "துளி ஏத்தமா இருக்குது. ஆனா அஞ்சு கட்டைதான்."

சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். கிரீஷ் சுவிட்சை அணைத்தான். டம்ளர்கள் அடங்கின.

ஐந்து கட்டை என்று அவள் சொன்னது அவனுக்கு மட்டும் சுருக்கென்று தைத்தது. பாட்டுக்காரர்கள் தங்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரை. பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை. ஹைமவதி ஐந்து கட்டைக்காரி. அதாவது, பங்குனி மாதம் வரைக்கும்.

பரசுராமன் நடத்தும் மெல்லிசைக் குழுவில் அவள் பாடகி, கிரீஷ் கிடார். பகலெல்லாம் அவன் தேரடி வீதிக் கடையில் மிக்சியும் கிரைண்டரும் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பான். சாயங்காலம் குழுவின் வேன் வந்து நின்றால் கையைத் துடைத்துக்கொண்டு கிடாரோடு ஏறிவிடுவான். ஆரணியில் கல்யாண வரவேற்பு, போளூரில் ஆடித் திருவிழா, செங்கத்தில் காதுகுத்து என்று ஒரே வேனில் போய் வந்த பழக்கத்தில்தான் இரண்டு பேருக்கும் கல்யாணம் முடிந்தது.

கிரீஷுக்கு ஒரு கெட்ட பழக்கம். கிடார் வாசிக்கும்போது வாய் சும்மா இருக்காது. அவள் பாடுகிற பாட்டை அவனும் அடித்தொண்டையில் முணுமுணுத்துக்கொண்டே இருப்பான். அதைக் குரல் என்று சொல்ல முடியாது. பானைக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். பரசுராமன் திட்டித் திட்டிப் பார்த்து, கடைசியில் அவன் பக்கத்தில் மைக்கே வைக்காமல் விட்டுவிட்டார். மேடையில்தான் என்றில்லை. மிக்சியைப் பிரிக்கும்போதும் முணுமுணுப்பான், குளிக்கும்போதும் முணுமுணுப்பான். சாம்பாரில் உப்பு கம்மி என்று சொல்ல வந்தாலும் ஒரு பல்லவி முடிந்த பிறகுதான் சொல்வான்.

பங்குனியில் ஹைமவதியின் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. தைராய்டு. வேலூரில் ஆபரேஷன். டாக்டரம்மா ஒளிக்காமல் முன்னாலேயே சொல்லிவிட்டார்: "கட்டி நரம்பைச் சுத்திக்கிட்டு இருக்குது. எடுத்தே ஆகணும். கொரல் வரும். பழைய ஒசரத்துக்கு வருமான்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க." அவர் சொன்னபடியே ஆயிற்று. கட்டி போயிற்று, குரல் வந்தது. ஆனால் மாடியில் குடியிருந்த குரல் படியிறங்கித் தரைக்கு வந்துவிட்டது. மேலே ஏற்றிப் பார்த்தால் வெறும் காற்று. கீழே மட்டும் கெட்டியாக, கேழ்வரகுக் கூழ் மாதிரி ஒரு குரல். கிரீஷுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. அதை அவளிடம் சொல்லும் தைரியம் வரவில்லை. "ஆம்பளைக் கொரல்" என்று அவளே ஒருநாள் போனை வைத்துவிட்டுச் சொன்னாள். போனில் யாரோ அவளை 'சார்' என்று கூப்பிட்டிருந்தார்கள்.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிரீஷின் வாயும் மூடிக்கொண்டது. பாட முடியாதவள் காதோரம் பாட்டை முணுமுணுப்பது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது அல்லவா? அன்றிலிருந்து குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். அவளும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். பரசுராமன் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, வந்தவாசிப் பக்கத்திலிருந்து அன்புச்செல்வி என்ற பெண்ணைக் குழுவில் சேர்த்துக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை. முகூர்த்த நாள் யாருக்காகக் காத்திருக்கும்?

அப்போதுதான் கிரீஷுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது.

பாரிட்டோன் கிடார் என்று ஒன்று உண்டு. சாதாரண கிடாருக்கு அண்ணன் மாதிரி. கழுத்து நீளம், கம்பி தடிமன், சத்தம் அடிவயிற்றிலிருந்து வரும். ஆசிரமத்துப் பக்கம் வந்து தங்கிய ஒரு வெள்ளைக்காரர் வைத்திருந்ததை ஒருமுறை ரிப்பேர் பண்ணிக் கொடுத்திருக்கிறான். அந்தச் சத்தமும் ஹைமவதியின் இப்போதைய குரலும் ஒரே உயரத்தில் நிற்கும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. இங்கே கடையில் அப்படி ஒன்று கிடையாது. சரி, துண்டு துண்டாக வாங்கி நாமே பூட்டிவிடலாம் என்று இறங்கினான்.

கழுத்து சீனாவிலிருந்து கூரியரில் வந்தது. கொண்டுவந்தவன், "இன்னா சார், கிரிக்கெட் பேட்டா?" என்று தடவிப் பார்த்துவிட்டுப் போனான். பிரிட்ஜ் என்கிற அடித்தகடு சென்னையிலிருந்து. சத்தத்தை உள்வாங்குகிற பிக்கப்பும் முறுக்காணிகளும் அவனுடைய பழைய கிடார்களிலிருந்து. உடலுக்கு மரம் வேண்டுமே என்று அவலூர்பேட்டை ரோட்டில் சக்திவேலின் மரவாடிக்குப் போனான்.

"தேக்கு எடுத்துக்கோ சார். நூறு வருசம் நிக்கும்," என்றான் சக்திவேல்.

"தேக்கு நிக்கும்யா. அதைத் தோள்ல மாட்டிக்கிட்டு மேடையில நான் நிக்க வேணாமா?"

கடைசியில் மலைவேம்புப் பலகை கிடைத்தது. தூக்கினால் பஞ்சு, தட்டினால் கணகணவென்று பேச்சு. முதலில் அறுத்த உடல் வீணாயிற்று. நீளக் கழுத்துக்கு பிரிட்ஜ் இன்னும் தள்ளி உட்கார வேண்டும். கிரீஷ் பழக்க தோஷத்தில் சாதாரண கிடாரின் அளவை வைத்துத் துளை போட்டுவிட்டான். மேல் சுரங்கள் எல்லாம் கோணல். அந்தப் பலகையை குர்ஷித் பேகம் வாங்கிப் போய் வெந்நீர் அடுப்பில் வைத்தாள். "நல்லா எரியுது தம்பி. இன்னொண்ணு தப்பு பண்ணினா சொல்லு," என்றாள்.

இரண்டாவது பலகை சரியாக வந்தது. எந்த நிறம் என்று நசீருதீன் கேட்டபோது ஹைமவதி தன் கல்யாணப் புடவையின் முந்தானையைக் கொண்டுவந்து காட்டினாள். அந்தக் கிடாருக்காக அவள் செய்த ஒரே காரியம் அதுதான். பாய் அந்த அரக்கைக் கலந்து பிடிக்க மூன்று டப்பா வீணடித்தார்.

போன வாரம் செழியன் வந்தான். ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் மொட்டைமாடியில் காபிக் கடை வைத்திருப்பவன். ஞாயிறு சாயங்காலம் சின்னதாக ஒரு பாட்டு, கிரீஷும் ஹைமாக்காவும் மட்டும் போதும், கூட்டமெல்லாம் கிடையாது என்றான். கிரீஷ் மறுத்துவிடப் போனான். அவள் முந்திக்கொண்டாள்.

"அந்தக் கிடார் ஞாயித்துக்கிழமைக்குள்ள பேசினா நான் பாடறேன். பேசலன்னா திங்கட்கிழமை வேங்கிக்கால்ல வேலைக்குச் சேந்துடறேன். அப்பால இந்த வீட்டுல பாட்டுன்ற பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது."

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் எதிரே மனு டைப் அடித்துக் கொடுக்கும் கடையில் ஆள் கேட்டிருந்தார்கள். வேலை நல்ல வேலைதான். கிரீஷ் பயந்தது வேலைக்கு இல்லை. அவள் சொன்னால் சொன்னதுதான். கதவைச் சாத்தினால் தாழ்ப்பாளையும் போட்டுவிடுவாள்.

இதோ சனிக்கிழமை. கிடார் பேசவில்லை, இரைகிறது.

"எர்த்து சரியில்ல," என்றாள் குர்ஷித் பேகம், எல்லாம் தெரிந்தவள் மாதிரி. "போன கோடையில எங்க கிரைண்டரு இப்பிடித்தான் ஷாக்கு அடிச்சிது. இந்த ஊருல தோண்டினா மண்ணா வருது? பாறை. எர்த்துக் குழியில தண்ணி ஊத்தினாத்தான் அடங்கும்."

"அக்கா, ரெண்டு நாளா மழை கொட்டிக்கிட்டு இருக்குது. இதுக்கு மேல தண்ணியா?"

"மழை மேல பெய்யும். குழிக்கு நாம ஊத்தினாத்தான் எறங்கும்."

சொன்னதோடு நிற்கவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் ஊற்றினாள். ஒரு கை உப்பும் போட்டாள். மறுபடி சுவிட்சைப் போட்டார்கள். ங்ங்ங். டியூப்லைட்டை அணைத்துப் பார்த்தான் கிரீஷ். ஃபேனை நிறுத்தினான். ஆம்ப்ளிபயரைத் தூக்கிக்கொண்டு நசீருதீன் வீட்டு பிளக்கில் போட்டார்கள். அங்கேயும் அதே ங்ங்ங். கிடாரின் முதுகுத் தகட்டைத் திருகிக் கழற்றி, பற்றவைத்த இடத்தையெல்லாம் திரும்பப் பற்றவைத்தான். ஈயப்புகை கூடத்தில் நின்றது. மழைக் காற்றுக்குப் புகையும் வெளியே போக மனசில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"பெயின்ட்டு எப்பிடி தம்பி?" என்று நசீருதீன் பக்கத்தில் குந்திக்கொண்டு கேட்டார். சத்தத்தைப் பற்றி அவருக்கு அவ்வளவு கவலையில்லை. "மொகம் பாக்கலாம் பாரு. கடைசியா ஒரு கோட்டு வார்னிஷ் குடுத்தேன். ஐப்பசி மழையில போட்டு எடுத்தாலும் ஒண்ணும் ஆவாது."

"பெயின்ட்டு அருமை பாய். பாட்டுதான் வரல."

ஹைமவதி முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடையைச் சுட்டுச் சுட்டு வைத்துவிட்டுப் போனாள். கிரீஷ் ஒரு கையில் சால்டரிங் கம்பியோடு சாப்பிட்டான். என்ன சாப்பிட்டான் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பொழுது சாய்கிற நேரத்தில் பரசுராமன் வந்தார். செழியன் மூலமாக விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது. வாசலில் குடையை உதறிவிட்டு உள்ளே வந்தவர், கிடாரைக் கையில் எடுத்துப் பார்த்தார், எடை பார்த்தார், கழுத்தைத் தடவினார். அது இரைவதையும் கேட்டார்.

"கிரீஷு, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. கீபோர்டுல ஒரு பட்டன் கீது. அழுத்தினா பாட்டே ரெண்டு கட்டை எறங்கி வந்து கைகட்டி நிக்கும். இதுக்கு எதுக்குய்யா மரம் அறுத்து, பெயின்ட்டு அடிச்சி, வூட்ல இருக்கறவங்களுக்கு ஷாக்கு வைக்கற?"

கிரீஷ் கிடாரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"பட்டன் அழுத்தினா பாட்டு எறங்கும்ண்ணே. கேக்கறவனுக்கும் தெரியும், இது எறக்கினதுன்னு. பாவம், கொரல் போயிடுச்சின்னு சொல்லுவான். சாதா கிடாரெல்லாம் மேலேயே பொறந்தது. கீழ இழுத்தா கம்பி தொளதொளன்னு ஆடும். இது கீழேயே பொறந்தது. இது கூட நின்னு பாடினா யாரும் எறங்கி வந்த மாதிரி இருக்காது."

பரசுராமன் மேலே ஓடும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு யோசித்தார்.

"நீ சொல்றது எனக்குப் புரியல. ஆனா சொல்றப்ப நல்லா கீது."

ஹைமவதி வேகவைத்த வேர்க்கடலையைத் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். ஆவி பறந்தது.

"அன்புச்செல்வி எப்பிடிண்ணே பாடறா?" என்று கேட்டாள்.

"பாடறாம்மா. கொரல் குயிலு. ஆனா சுருதி அலையுது. காதுக்கு நேரா மானிட்டர் ஸ்பீக்கரை வை, இன்னும் சத்தமா வைன்னு ஒரே ரோதனை. நீ ஒருநாள் மானிட்டர் கேட்டியா? ஆணி அடிச்ச மாதிரி நிப்பே. உனக்கு மட்டும் எப்பிடிம்மா அது?"

ஹைமவதி ஒரு கடலையை எடுத்து நிதானமாக உடைத்தாள். "அது அப்பிடித்தான்," என்றாள்.

"ஆமா," என்று பரசுராமன் கிரீஷ் பக்கம் திரும்பினார். "நான் வந்ததுலேர்ந்து பாக்கறேன், வண்டு சத்தத்தையே காணோம். இத்தினி வேலை நடக்குது, வாயி மூடியே கீது?"

"விட்டுட்டேண்ணே."

"அடேயப்பா. இத்தினி வருசமா தலைபாடா அடிச்சிக்கிட்டேன், கேட்டியா? இப்பவாவது புத்தி வந்துச்சே. நல்லதாப் போச்சு."

தட்டு தரையில் ணங்கென்று இடித்தது. ஹைமவதி எழுந்துவிட்டாள். "கடலை ஆறிடும், சாப்பிடுங்கண்ணே," என்றவள் பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனாள். என்ன கோபம் என்று இரண்டு ஆண்களுக்கும் விளங்கவில்லை. அன்புச்செல்வி பேச்சை எடுத்திருக்கக் கூடாது என்று கிரீஷ் நினைத்துக்கொண்டான். பரசுராமனும் அதையே நினைத்திருக்க வேண்டும். சீக்கிரமே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஞாயிறு விடிந்தபோது, ஊருக்கு மேலே எப்போதும் நிற்கும் மலை இல்லை. இருந்த இடத்தில் வெறும் மேகம். கிரீஷ் காலையிலிருந்து மறுபடி கழற்றினான், பற்றவைத்தான், பூட்டினான். சுவிட்சைப் போட்டால் அதே ங்ங்ங். கழற்ற இனி எதுவும் பாக்கி இல்லை என்று அவன் நினைத்தபோது பத்து மணி இருக்கும். கிடாரைப் பாயில் சாய்த்துவிட்டு, சுவரில் முதுகை வைத்து உட்கார்ந்தான். ஆம்ப்ளிபயரை அணைக்கக்கூடத் தோன்றவில்லை. அது பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது.

"வுடு ஹைமா. நாளைக்கு நீ வேலைக்குப் போ. செழியன்கிட்ட நானே சொல்லிக்கறேன்."

ஹைமவதி ஈரத்துணியால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பாயில் கிடந்த கிடாரைப் பார்த்தாள். இத்தனை மாதமாக அவள் அதைத் தொட்டதில்லை. குனிந்து, இடுப்பில் குழந்தையைத் தூக்குவதுபோல எடுத்தாள். எடுத்த கை எங்கோ படவும் இரைச்சல் சட்டென்று பாதியாக அடங்கியது. கையை மாற்றினாள். மறுபடி எழும்பியது.

"இதைக் கேளுங்க."

"என்னத்தைக் கேக்கறது, ரெண்டு நாளா அதையேதான் கேக்கறேன்."

"இல்ல, கேளுங்கன்றேன். கம்பியைப் புடிச்சா ஒண்ணும் கொறையல. இங்க, ஒயரைச் சொருகற எடத்துல இரும்பு மேல கை வச்சா பாதியா கொறையுது. பாருங்க. வச்சேன். எடுத்தேன். வச்சேன்."

கிரீஷ் நிமிர்ந்து உட்கார்ந்தான். நேற்றெல்லாம் அவன் குறட்டால் கழற்றினானே தவிர, இப்படிக் கையை வைத்து வைத்துக் கேட்டுப் பார்க்கவில்லை. ஒயர் சொருகும் இடத்தில் எர்த் இருக்கிறது. கம்பியில் இல்லை. அப்படியென்றால் இரண்டுக்கும் நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது.

"பிரிட்ஜு," என்றான்.

பிரிட்ஜுக்கு அடியில் ஒரு சின்னச் செப்புக் கம்பி இருக்கும். உடலுக்குள்ளிருந்து வந்து அந்த இரும்புத் தகட்டின் வயிற்றைத் தொட்டுக்கொண்டு கிடக்கும். கிடார் கம்பிகளையும் வாசிப்பவன் கையையும் எர்த்தோடு சேர்ப்பது அதுதான். அதை அவன் தன் கையாலேயே வெளியே நீட்டிவிட்டு, தகட்டையும் உடலையும் கடைசி வார்னிஷுக்காகப் பாயிடம் கொடுத்திருந்தான். வாங்கிவந்து அப்படியே பூட்டிவிட்டான். அடியைப் பார்க்கவே இல்லை.

கம்பிகளைத் தளர்த்தித் தகட்டைத் திருகிக் கழற்றினான். கவிழ்த்துப் பார்த்தான். அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. செப்புக் கம்பியின் நுனிக்கும் வார்னிஷ் பூசி, குண்டூசித் தலைபோல அழகாக உருட்டிவிடப்பட்டிருந்தது.

"பாய்," என்று சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கொடுத்தான். "கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

நசீருதீன் வந்தார். பின்னால் குர்ஷித் பேகமும் வந்தாள். தகட்டைக் காட்டியதும் அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தியா தம்பி? யாரும் பாக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். நீ பாத்துட்டே. அடிப்பக்கம் ரெண்டு கோட்டு. எங்க தொழில்ல மேல பளபளன்னு எவனும் அடிப்பான். அடியில இரும்பு வெறுமனே தெரிஞ்சா அவன் பெயின்ட்டரே இல்ல. ஒரு மழைக்குத் துரு ஏறிடும்."

"பாய், இந்த இரும்பு வெறுமனேதான் இருக்கணும். இந்தக் கம்பி இதைத் தொட்டாத்தான் எர்த்து. நடுவுல உங்க வார்னிஷ் குந்திக்கிட்டு இருக்குது."

நசீருதீன் தகட்டைப் பார்த்தார், கிடாரைப் பார்த்தார். குர்ஷித் பேகம்தான் முதலில் சிரித்தாள்.

"ஐயோ என் ராசாவே. நீ அடிச்ச வார்னிஷுக்கு நான் போயி பூமியைக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தேனே. ஒரு பிடி உப்பு வேற."

ஹைமவதிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பங்குனிக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து கிரீஷ் கேட்டதில்லை. சிரிப்பும் கீழேயிருந்துதான் வந்தது, உரல் உருண்ட மாதிரி. அவனுக்கு அதையே கேட்டுக்கொண்டிருக்கலாம் போலிருந்தது.

உப்புத்தாள் கொண்டுவந்து தகட்டையும் செப்புக் கம்பியின் நுனியையும் நசீருதீன் தானே சுரண்டினார். வேறு யாரையும் தொட விடவில்லை. "நானே போட்டதை நானே கிழிக்கறேன். நாலு விரல் எடம் போதுமில்ல? மேல ஒண்ணும் படாதில்ல?" என்று கேட்டுக் கேட்டுச் சுரண்டினார். இரும்பு வெறுமனே தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பாக்கவே கஷ்டமா கீது தம்பி. மூடிடு சீக்கிரம்."

கிரீஷ் மூடினான். கம்பிகளை ஏற்றினான். சுவிட்சைப் போட்டான்.

ஒன்றுமே கேட்கவில்லை. சுவிட்ச் போடவில்லையோ என்று குர்ஷித் எட்டிப் பார்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் தகர வாளியில் விழுவது கேட்டது. கிரீஷ் அடிக்கம்பியை ஒருமுறை கட்டைவிரலால் தள்ளினான். தண்ணீர் நிறைந்த அண்டாவைத் தட்டியதுபோல ஒரு சத்தம் எழுந்து, தரைவழியாக வந்து, எல்லார் உள்ளங்காலையும் தொட்டுவிட்டு மெல்லப் போயிற்று.

"மாஷா அல்லா," என்றார் நசீருதீன்.

ஹைமவதி தலையைச் சாய்த்தபடி நின்றிருந்தாள். சத்தம் முழுக்கத் தீர்ந்த பிறகும் அப்படியே நின்றாள்.

"என்ன?" என்று கேட்டான் கிரீஷ்.

"என் பழைய சுருதி. ரெண்டு நாளா வூட்டுக்குள்ள கத்திக்கிட்டே இருந்துச்சு. இப்பப் போயிடுச்சு."

"கஷ்டமா இருக்குதா?"

அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "இல்ல. அது கத்திக்கிட்டே இருந்தா நான் எங்க பாடறது?"

மத்தியானத்துக்கு மேல் வானம் வெளுத்தது. மேகம் மெல்ல விலகி மலை தோள்வரைக்கும் தெரிந்தது. ஆட்டோவை நான்கு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை பாடிப் பார்த்துவிடலாம் என்று கிரீஷ் சொன்னான். அவள் சரி என்றாள். குளித்துப் புடவை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். கழுத்துத் தழும்பை முந்தானையால் மூடவில்லை. குர்ஷித் பேகமும் நசீருதீனும் வாசற்படியில் இடம் பிடித்துக்கொண்டார்கள். குர்ஷித் மடியில் மிச்சக் கடலை.

மேடையில் நிற்பதுபோலவே ஹைமவதி கிரீஷுக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்து நின்றாள். எந்த ஊர் மேடையிலும் முதலில் அவள் பாடுகிற அம்மன் பாட்டையே எடுத்துக்கொண்டார்கள். கிரீஷ் முன்னிசையை வாசித்தான். அதே விரல், அதே பிடி. சத்தம் மட்டும் வேறு வீட்டிலிருந்து வந்தது. கெட்டியாக, அவசரமில்லாமல். அவள் தொடங்க வேண்டிய இடம் வந்தது.

அவள் தொடங்கவில்லை.

இடம் கடந்து போயிற்று. ஏதோ கவனம் பிசகிவிட்டது என்று நினைத்து அவன் திரும்ப முதலிலிருந்து வாசித்தான். அந்த இடம் மறுபடியும் வந்தது. அவள் மூச்சை இழுப்பது முதுகில் தெரிந்தது. பிறகு மூச்சை விட்டுவிட்டாள். குர்ஷித் பேகம் கடலை உரிப்பதை நிறுத்தினாள்.

கிரீஷின் கை கம்பியிலேயே நின்றது. சுருதி பார்க்கிற கருவியைக் கிடாரின் கழுத்தில் மாட்டி ஒவ்வொரு கம்பியாகத் தட்டினான். எல்லாம் பச்சை விளக்கு.

"சுருதி சரியாத்தானே இருக்குது ஹைமா. பயமா இருக்குதா?"

"பயம் இல்ல."

"கிடாரு புடிக்கலையா? அப்பிடின்னா சொல்லு, பரவால்ல."

"கிடாரு நல்லா இருக்குதுங்க. ரொம்ப நல்லா இருக்குது."

"அப்பால இன்னா? சுருதியும் குடுத்துட்டேன், எடமும் குடுத்துட்டேன். இன்னும் எதுக்கோசரம் காத்துக்கிட்டு நிக்கற?"

ஹைமவதி திரும்பினாள். பாட்டின் நடுவே அவள் அவன் பக்கம் திரும்பியது அதுதான் முதல் தடவை.

"இத்தினி வருசமா நான் உங்க கிடாரைக் கேட்டுத்தான் பாடினேன்னு நெனச்சிக்கிட்டு இருக்கீங்களா? வாயைத் தொறந்து முணுமுணுங்க, நான் எடுக்கறேன்."